நெல் குருத்துப்பூச்சி

வீராணம் ஏரிப் பாசன வயல்களில் நடுக்குருத்தைக் காயவைப்பதும், கதிர் வந்தபின் அதை வெண்கதிராக்குவதும் இதன் புழு. பெண் அந்துப்பூச்சியின் மஞ்சள் முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு.

புழுவைத் தோலுரிக்க வைப்பது எக்டைசோன் என்ற ஹார்மோன். அது கொலஸ்ட்ராலிலிருந்து உருவாகிறது. பூச்சிகளால் கொலஸ்ட்ராலை அடியிலிருந்து தயாரிக்க முடியாது. அதற்கான மூலப்பொருளும் தின்னும் நெல்தண்டிலிருந்தே வருகிறது! இளமை ஹார்மோன் மிகுந்திருக்கும்வரை, தோலுரித்த பிறகும் அது புழுதான். இளமை ஹார்மோன் வற்றியபின் எக்டைசோன் சுரந்தால் கூட்டுப்புழுவாகும். அந்துப்பூச்சி வெளியேறும் துளையைப் புழுவே தண்டில் முன்கூட்டி அமைத்துவிடும்.

1954இல் ஜெர்மனியின் புட்டனான்ட், கார்ல்சன் இருவரும் சுமார் 500 கிலோ பட்டுக் கூட்டுப்புழுக்களிலிருந்து 25 மில்லிகிராம் எக்டைசோனைப் பிரித்தெடுத்தனர். வேப்பங்கொட்டைக் கரைசலில் உள்ள அசாடிராக்டின் இந்த ஹார்மோன்களின் சுரப்பைக் குலைக்கிறது.