குடிபோகும் முன் எதிர்வீட்டில் கேளுங்கள்

தங்கை கணவருக்கு நெல்லைக்கு மாற்றல். நாலு வயசுப் பெண்ணும் கைக்குழந்தையுமாக வந்தவளுக்கு வீடு பார்க்கும் வேலை என் தலையில்!

ஜங்ஷன் பக்கம், ஆற்றை ஒட்டிய தெருவில் மலிவான வாடகைக்கு ஒரு வீடு. புதுசாக வெள்ளை அடித்திருந்தது. தாமிரபரணிக் காற்று ஜிலுஜிலுவென்று வீச, "இதுவே போதும்க்கா" என்றாள். எதிர்வீட்டு ஆச்சிதான் மெதுவாகச் சொன்னார்: "சின்னப் பிள்ளைகள வச்சிருக்கே, அதான் சொல்லுதேன் தாயி. 2023 டிசம்பர் வெள்ளத்துல தண்ணி ஜன்னலத் தாண்டிட்டு."

அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம். பாளையங்கோட்டையில் வெள்ளம் ஏறாத தெருவாக விசாரித்து, கொஞ்சம் கூடுதல் வாடகைக்கே பிடித்தோம்.

பள்ளிக்கூடங்களுக்குப் பேர் போன ஊர் பாளை. ஆனால் சிறுசுகளுக்குப் பேரா முக்கியம்? நடந்து போகிற தூரம், பஸ் ஓடும் ரோட்டைத் தாண்டாத வழி, மூடிய கேட், சுத்தமான கழிப்பறை, இவைதான் முக்கியம். பகல் பதினொரு மணிக்குப் போய்ப் பாருங்கள். அழுகிற குழந்தையை ஆயா எப்படித் தேற்றுகிறார் என்பதே பாதி பதில் சொல்லிவிடும்.

1975-ல் தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடியையும் அலட்சியம் செய்யாதீர்கள். 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு விளையாட்டோடு படிப்பு, மதியச் சாப்பாடு. கைக்குழந்தைக்கு எடை பார்த்து, தடுப்பூசிக்கும் வழி சொல்வார்கள். தங்கை மகள் அங்கேதான் போகிறாள். முதல் வாரம் அழுதவள், இப்போது தானே பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறாள்!