இரவு தங்கியவர் விடைபெறுதல்: மொழிபெயர்ப்பில் நன்றியுரை

மழையாலோ கடைசிப் பேருந்தைத் தவறவிட்டதாலோ முன்பின் அறியாதார் வீட்டில் ஓர் இரவு தங்க நேர்ந்தவர், மறுநாட் காலையில் வீட்டாரிடம் என்ன கூறி விடைபெறுகிறார்? ஆங்கிலப் புதினத்தில் அவர் நன்றி கூறுவார். அதனை 'மிக்க நன்றி' எனப் பெயர்த்தால் சொற்பொருள் பிழைபடுவதில்லை; உறவு பிழைபடுகிறது. உண்ட சோற்றுக்குக் கணக்குத் தீர்ப்பவர்போல் அவ்விருந்தினர் தோன்றிவிடுகிறார்.

தெற்காசிய மொழிகளில் நன்றி கூறும் வழக்கை ஒப்பிட்டு மகாதேவ் ஆப்தே 1974இல் எழுதிய கட்டுரை, மராத்தி, இந்தி பேசுவோர் குடும்பத்தாரிடத்தும் நெருங்கியவரிடத்தும் வாய்மொழி நன்றியைத் தவிர்ப்பதை எடுத்துக்காட்டியது. எதிர்பாராது வந்தவர் குடும்பத்தார் அல்லர் என்பது உண்மையே. ஆயினும் 'தம்பி', 'அம்மா' என்று விளித்து உணவிட்ட அளவிலேயே வீட்டார் அவரை உறவுக்குள் கொண்டுவந்துவிடுகின்றனர். அதன்பின் நன்றி கூறுவது அவ்வுறவிலிருந்து தாமே விலகிக்கொள்வதாகும்.

இவ்விடத்தில் தமிழர் கூறுவது வேறு. 'உங்களுக்கு வீண் சிரமம் கொடுத்துவிட்டேன்' என்பர்; 'இதில் என்ன சிரமம்?' என்பது விடை. இந்தியில் 'தக்லீஃப்' என்னும் சொல் இதே பணியைச் செய்கிறது. வடிவில் இது வருத்தந் தெரிவித்தல், செயலில் நன்றி. ஃப்ளோரியான் கூல்மாஸ் 1981இல் ஜப்பானிய மொழியை முன்வைத்து விளக்கியதுபோல், கடப்பாட்டுணர்வே இரண்டையும் இணைக்கிறது.

அடுத்து வருவது விடைபெறும் தொடர். தமிழில் 'போய் வருகிறேன்', கன்னடத்தில் 'ஹோகி பர்த்தீனி', தெலுங்கில் 'வெள்ளொஸ்தானு'. மராத்தியர் 'யேதோ' என்றும் வங்காளியர் 'ஆஷி' என்றும் போதலைக் குறிக்காமலே வருதலை மட்டும் கூறி விடைபெறுகின்றனர். எமனோ 1956இல் இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாக இலக்கணக் கூறுகளைக் கொண்டு நிறுவினார். இத்தகைய வழக்காறுகளும் அப்பரப்பின் கூறுகளாக ஆராயத்தக்கவை. மீண்டும் வருவதாகக் கூறுவதால் உறவு முடிவுறாமல் நிற்கிறது. 'சொல்லாமல் கொள்ளாமல் போனான்' என்பது இன்றும் கடும்பழி. நன்றி கூறாமற் போனான் என்று எவரும் குறைகூறக் கேட்பது அரிது.

'நன்றி' என்னும் சொல்லே முதலில் செய்யப்பட்ட நன்மையைக் குறித்தது. திருக்குறளின் 11ஆம் அதிகாரத் தலைப்பான 'செய்ந்நன்றி அறிதல்' என்பதில் நன்றி செய்தவருடையது, பெற்றவருடையது அறிதல். பெற்றவர் வாயால் கூறும் உரையாக அது மேடையிலும் அலுவல் மடலிலும் இன்று வேரூன்றிவிட்டது. அரசு விருந்தினர் மாளிகையில் தங்கியவர் அதன் அலுவலரிடம் 'நன்றி' என்பதில் எவ்விடரும் இல்லை. வீட்டில் தங்கியவரோ, ஊர் திரும்பியபின் 'சுகமாய் வந்து சேர்ந்தேன்' என ஓர் அஞ்சலட்டை எழுதுவார். இப்போது தொலைபேசியில் கூறுகிறார். இதனை வெறும் செய்தியெனக் கருதி மொழிபெயர்ப்பில் சுருக்குவோர் நன்றியுரையையே நீக்கிவிடுகின்றனர்.

தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்கையில் சிக்கல் தலைகீழாகிறது. 'சிரமம் கொடுத்துவிட்டேன்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், இரவில் விருந்தினர் எதையோ உடைத்துவிட்டார் என்றே ஆங்கில வாசகர் எண்ணக்கூடும். அங்கு 'நன்றி' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை இடுவதே தக்கது.