மருதாணியும் எண்ணெயும்: தலைக்குச் சாயமிடும் முன் அறிய வேண்டியவை

நரைத்த தலைக்கு மருதாணி இடுவோர் எமது தோல் மருத்துவப் பிரிவில் அடிக்கடி எழுப்பும் ஐயம் ஒன்று உண்டு. மருதாணி இடும் முன் தலையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாமா, கலவையிலேயே எண்ணெயைச் சேர்த்துவிடலாமா என்பதே அது. இதில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறுபடுகிறது. எண்ணெய் இல்லாவிடில் முடி வைக்கோலாகிவிடும் என்பார் ஒரு சாரார். எண்ணெய் பட்டால் நிறமே பிடிக்காது என்பார் மற்றொரு சாரார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு.

மருதாணி இலையில் லாசோன் என்னும் சாயப்பொருள் உள்ளது. இலைப்பொடியை நீர் விட்டுக் குழைத்துச் சில மணி நேரம் வைத்திருந்தால் அது வெளிப்பட்டு, முடியிலுள்ள கெரட்டின் என்னும் புரதத்துடன் பிணைந்துகொள்கிறது. நகமும் தோலின் மேலடுக்கும் கெரட்டினால் ஆனவையே. ஆகவேதான் குழைத்த கையும் சிவக்கிறது. நீரில் குழைத்த கலவைக்கும் முடிக்கும் இடையே எண்ணெய்ப் படலம் இருப்பின் இப்பிணைப்பு தடைபடும். நிறம் வெளிறியும் திட்டுத் திட்டாகவும் அமையும். சாயம் எளிதில் ஏறாத காதோர நரையில் இக்குறை மிகுதியாகத் தெரியும். ஆதலின் முதல் நாள் எண்ணெய் தேய்த்திருந்தால், ஷாம்பு இட்டு நன்கு அலசி, உலர்த்திய பின்னரே மருதாணி இடுதல் வேண்டும்.

கலவையில் ஓரிரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ சேர்ப்பதால் பெருங்கேடு ஏதும் இல்லை. கலவை எளிதில் பரவும். முடியின் வறட்சியும் ஓரளவு குறையும். எனினும் நரையை மறைப்பதே நோக்கமெனில் எண்ணெய் சேர்க்காதிருப்பதே நன்று என்பது எமது கருத்து. எண்ணெய்க்கு உரிய இடங்கள் வேறு. நெற்றியோரம், காது மடல், பிடரி ஆகியவற்றில் முன்னதாகச் சிறிது தடவிக்கொண்டால் தோலில் கறை படியாது. மருதாணியை வெறும் நீரில் அலசி, முடி உலர்ந்த பின் எண்ணெய் தேய்க்கலாம். முதலில் செம்மஞ்சளாகத் தோன்றும் நிறம், காற்றுப்பட்டு ஓரிரு நாளில் செம்பழுப்பாக ஆழ்வதால், அதுவரை ஷாம்புவைத் தவிர்ப்பது நல்லது. தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் உள்ளே ஊடுருவி, அலசும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது. கனிம எண்ணெய்க்கு அவ்வாற்றல் இல்லை. அது மேற்பரப்பிலேயே தங்கிவிடும்.

சளி பிடிக்கும் என்றஞ்சிச் சிலர் நீலகிரித் தைலத்தையும் கிராம்புத் தைலத்தையும் கலக்கின்றனர். இவை சமையல் எண்ணெய் போன்றவை அல்ல. செறிவு மிகுந்தவை, தோலைப் புண்ணாக்கக் கூடியவை. குறிப்பாக வலிப்பு நோய் உள்ளோருக்கும் சிறு குழந்தைகளுக்கும் நீலகிரித் தைலம் ஆகாது.

எண்ணெய் தேய்த்துக்கொண்டால் எந்தச் சாயமும் தோலைத் தாக்காது என்றொரு நம்பிக்கை பரவலாக நிலவுகிறது. எம்மைக் கவலைகொள்ளச் செய்வது இதுவே. தூய மருதாணி செந்நிறம் மட்டுமே தரும். அவுரிப்பொடி சேர்த்தால் கருமை கிட்டும். ஆனால் அது மெல்லவே ஏறும். அரை மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கும் ‘கறுப்பு மருதாணி’ப் பொட்டலங்கள் பலவற்றில் பாரா-பினைலீன்டையமின் என்னும் வேதிப்பொருள் கலந்துள்ளது. உறையில் இது பி.பி.டி. எனவும் குறிக்கப்பட்டிருக்கலாம். இதனால் விளையும் ஒவ்வாமையை எந்த எண்ணெயும் தடுக்காது. பூசிய அன்றே தெரியாமல், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் அரிப்பும், நீர்க்கசிவும், இமை வீக்கமும் தோன்றலாம். “பத்து ஆண்டுகளாக இதைத்தான் பூசுகிறேன்” என்போருக்கும் இது நேரும். ஒருமுறை உடல் இதனை ஒவ்வாததாக அறிந்துகொண்டால், பின்னர் ஒவ்வொரு முறையும் எதிர்வினை காட்டும்.

எனவே புதிய பொட்டலம் எதுவாயினும், முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசிப் பார்த்து, 48 மணி நேரம் கவனித்த பின் தலைக்கு இடுங்கள். சோதனையின்போது அவ்விடத்தில் எண்ணெய் இருத்தல் கூடாது. முன்னரே ஒவ்வாமை கண்டவர்கள் இச்சோதனையை வீட்டில் செய்ய வேண்டா.

தூய மருதாணியும் அனைவருக்கும் ஏற்றதன்று. ஜி-6-பி-டி எனப்படும் நொதிக் குறைபாடு உடையவர்களுக்கு லாசோன் தோல் வழியே உட்சென்று சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடும். இக்குறைபாடுள்ள கைக்குழந்தைகளுக்கு இதனால் உயிருக்கே ஆபத்து நேரலாம். மருதாணி இட்ட பின் கண் மஞ்சளாதல், சிறுநீர் கருத்தல், சோர்வு ஆகியவை தென்பட்டால் காலந்தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின் புதிதாக முளைக்கும் முடியும் அதன் கீழுள்ள தோலும் மென்மையானவை. எந்தச் சாயமாயினும் தங்கள் மருத்துவரைக் கேட்ட பின்பே இடுதல் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்கள் விரல் நுனியில் மருதாணி படாமல் கையுறை அணிந்துகொள்ளுங்கள். நகத்தின் நிறத்தைக் கண்டும், விரலில் மாட்டும் கருவியைக் கொண்டும் நாங்கள் உயிர்வளி அளவை அறிகிறோம். அடர்ந்த கறை அதற்கு இடையூறாகலாம்.

பூசிய பின் எரிச்சல் தோன்றினால் உடனே மிகுந்த நீரில் அலசிவிடுங்கள். நீர்க்கசிவுள்ள தலையில் குளிர்ச்சி கருதி எண்ணெய் வைக்க வேண்டா. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். வரும்போது பொட்டலத்தின் உறையைத் தவறாமல் கொண்டுவாருங்கள். உள்ளே என்ன கலந்துள்ளது என்று நாங்கள் தேடும் நேரம் மிச்சமாகும்.