தீவுகளை ஆண்டவர்கள் – 7: மருமகனுக்காக எழுந்த மாமன்

சென்ற வாரம் 1411-இல், ஸ்காட்லாந்தின் ஹார்லா போர்க்களத்தில் நின்றோம். தீவுகளின் தலைவர் டொனால்டு, மனைவி வழியில் தமக்குச் சேர வேண்டிய ராஸ் சீமையைக் கேட்டு வாளெடுத்த இடம் அது. அதே ஆண்டில்தான் நம் மலாக்காவின் பரமேசுவரா மனைவி மகனுடன் கப்பலேறிச் சீனப் பேரரசரின் அவைக்குப் போனார். டொனால்டுக்குப் போர்ப்படகுகள் என்றால், பரமேசுவராவுக்குச் சுற்றுத்தீவுகளின் ஓராங் லாவுட் கடலோடிகள். அவர்கள் துடுப்பு இல்லாமல் மலாக்காவுக்குக் கடலும் இல்லை, காசும் இல்லை.

ஆனால் அரியணையில் யார் அமர்வது என்பதைக் கடலோடிகள் முடிவு செய்யவில்லை. அரசியின் பிறந்த வீடு முடிவு செய்தது.

1444-இல் மலாக்காவின் சுல்தான் முகமது ஷா இறந்தபோது இரண்டு மகன்கள் இருந்தார்கள். இளையவர் ராஜா இப்ராஹிம், சுமத்திராவின் ரோக்கான் அரசகுல இளவரசி பெற்ற பிள்ளை. மூத்தவர் ராஜா காசிம். அவருடைய தாய் துன் வாத்தி, இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய மணி புரிந்தானின் மகள். தமிழ் முஸ்லிம் வணிகர்களின் ஆதரவு பெற்ற குடும்பம் அது. பட்டம் இளையவருக்குப் போனது. ஆட்சியோ ரோக்கான் அரசர் கையில். மூத்தவர் அரண்மனையை விட்டு வெளியேறி மீன் பிடித்துப் பிழைத்தார் என்கிறது மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயு.

துன் வாத்தியின் அண்ணனோ தம்பியோ, எப்படியானாலும் காசிமின் தாய்மாமன், துன் அலி. நம் வீடுகளில் தாய்மாமன் சீர் கொண்டு வருவார்; இவர் அரியணையையே கொண்டு வந்தார். 1446-இல் ஓர் இரவுக் கலகம். முற்றுகைக்குள் சிக்கிய ரோக்கான் அரசர், தம் கையாலேயே இப்ராஹிமைக் குத்திக் கொன்றார். காசிம், சுல்தான் முசாபர் ஷா ஆனார்.

பின்னர் பெண்டஹாரா ஸ்ரீவாக் ராஜா நஞ்சருந்தி இறக்க, முதலமைச்சர் பதவி துன் அலிக்கு வந்தது. மலாய்ப் பிரபுக்களுக்கு இது பிடிக்கவில்லை. அவர்களுடைய ஆள் துன் பேராக், இறந்த பெண்டஹாராவின் மகன், கிள்ளானின் தலைவர். சியாம் படை வந்தபோது கிள்ளான் ஆண்களைப் பெண்டு பிள்ளைகளோடு மலாக்காவுக்கு அழைத்து வந்தவர். குடும்பம் பக்கத்தில் இருந்தால் எவனும் புறமுதுகு காட்டமாட்டான் என்பது அவர் கணக்கு.

அரண்மனை இரண்டாகப் பிளக்கவிருந்தது. சுல்தான் கண்ட வழியை என்னால் இன்றும் நிம்மதியாகப் படிக்க முடிவதில்லை. துன் பேராக்கின் சகோதரி துன் குடு, சுல்தானின் மனைவி. அவரை மணவிலக்கு செய்து துன் அலிக்குக் கட்டிவைத்தார். நரைத்த மாப்பிள்ளையை உறவினர்கள் கேலி செய்தார்களாம். துன் குடுவின் மனம் பற்றி செஜாரா மெலாயு விரித்து எழுதவில்லை. துன் அலி பதவி விலகினார். 1456-இல் துன் பேராக் பெண்டஹாரா.

தோற்றது துன் அலியா? அவர் மகள் துன் செனாஜா பின்னாளில் மலாக்காவின் சுல்தான் அலாவுதீனை மணந்தார். அவருக்குப் பிறந்தவர் சுல்தான் மஹ்மூத். 1500-இல் பெண்டஹாரா ஆன துன் முத்தாஹிர், துன் அலியின் மகன். மறுபடியும் ஒரு தாய்மாமன். பத்தாண்டுகளில் அந்த மருமகனே மாமனுக்கு மரண தண்டனை விதித்தார்.

(தொடரும்)