இசைத்தாளில் பேசும் இத்தாலி

அக்கா மகளுக்கு வயது 11. மூன்றாவது வருடமாக கீபோர்டு கற்றுக்கொள்கிறாள். தியரி தேர்வுக்கு முன்னால் வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். திருத்திய தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ‘பியானோ’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். அவள் ‘ஸ்லோ’ என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில் பெருக்கல் குறி.

“மாமா, பியானோன்னா மெதுவா வாசிக்கணும்னுதானே மிஸ் சொன்னாங்க?”

மிஸ் சொன்னது சரி. பிள்ளை காதில் வாங்கியதும் சரி. சிக்கல் இருப்பது ‘மெதுவா’ என்ற நம் சொல்லில். ‘மெதுவாப் பேசு’ என்றால் குரலைத் தணி என்று பொருள். ‘மெதுவா நட’ என்றால் வேகத்தைக் குறை என்று பொருள். மேற்கத்திய இசைத்தாளில் இந்த இரண்டும் தனித்தனி. சத்தத்தின் அளவைச் சொல்ல ஒரு வரிசைச் சொற்கள், வேகத்தைச் சொல்ல வேறொரு வரிசை. ‘பியானோ’ சத்தத்தைத் தணிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். தணிந்த ஒலியில் மின்னல் வேகத்தில் வாசிக்க வேண்டிய இடங்கள் ஏராளம் உண்டு.

அவள் முகம் வாடியது. அப்போது அவளிடம் ஒன்று சொன்னேன். இத்தாலியில் ஓர் அம்மா, தடதடவென்று ஓடும் குழந்தையைப் பார்த்து “பியானோ, பியானோ!” என்றுதான் கத்துவாள். ‘மெதுவா, மெதுவா!’ தூங்குகிறவர் பக்கத்தில் உரக்கப் பேசினாலும் அதே ‘பியானோ’தான். நம் ‘மெதுவாக’ செய்யும் இரண்டு வேலையையும் அவர்களுடைய வீட்டுப் பேச்சில் அந்தச் சொல்லும் செய்கிறது. இசைக்காரர்கள் அதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ‘ஃபோர்ட்டே’வின் கதையும் இதுதான். அதற்கு ‘வலுவாக’ என்று பொருள். வண்டியை விரட்டி ஓட்டுவதையும் பேச்சில் அப்படிச் சொல்வார்கள். இசைத்தாளில் அது ‘உரக்க’ என்று மட்டும் நிற்கிறது.

இந்தச் சொற்களைக் கற்க இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. தேர்வுப் பட்டியலில் பார்த்தால் ஏதோ மந்திரம்போல் மிரட்டும் இவை, இத்தாலியில் கடைத்தெருவில் புழங்குகிற சொற்கள். ஒரு சுரத்தின் தலைக்கு மேல் அரை வட்டமும் அதற்குள் ஒரு புள்ளியும் இருந்தால், கணக்கைத் தாண்டி அந்தச் சுரத்தில் நின்றுவிட வேண்டும். அதன் பெயர் ‘ஃபெர்மாத்தா’. இத்தாலியில் பேருந்து நிறுத்தத்துக்கும் அதே பெயர்தான். அந்தக் குறியை இத்தாலிய இசைக்காரர்கள் ‘கொரோனா’, அதாவது கிரீடம் என்று அழைப்பார்கள். இசையின் கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் பகுதி ‘கோடா’. கோடா என்றால் வால். தபால் நிலையத்தில் நிற்கும் வரிசைக்கும் அதுவே பெயர். ‘டா காப்போ’ என்றால் தலையிலிருந்து. நாம் ‘முதல்லேர்ந்து’ என்போமே, அதுதான். ‘ப்ரெஸ்டோ’ சீக்கிரம். விடைபெறும்போது ‘சீக்கிரம் பார்ப்போம்’ என்பதற்கும் இந்தச் சொல் வரும்.

ஏன் இத்தாலி? சுரங்களைக் கோடுகள்மேல் எழுதும் முறையைச் சீர்படுத்தி, ‘உத், ரே, மீ’ என்று பெயரிட்டுப் பாடக் கற்பித்தவர் 11-ஆம் நூற்றாண்டில் அரெட்ஸோ நகரில் இருந்த குயிதோ என்ற துறவி. பல குரல் இசையை அச்செழுத்தில் முதன்முதலாகப் புத்தகமாக்கியவர் வெனிஸ் நகரத்து பெத்ருச்சி, ஆண்டு 1501. மொந்தெவெர்தியின் ‘ஓர்ஃபேயோ’ ஓபெரா 1607-இல் மாந்துவா நகரில் அரங்கேறியது. வயலினுக்கு க்ரெமோனா, கச்சேரி வடிவங்களுக்கு கொரெல்லி, விவால்டி. அடுத்த 200 ஆண்டுகளுக்கு ஐரோப்பிய அரசவைகள் இத்தாலியப் பாடகர்களையும் இசையமைப்பாளர்களையும் அழைத்து வேலைக்கு வைத்துக்கொண்டன. ஜெர்மானியரான ஹாண்டல் இளம் வயதில் தொழில் பழகப் போனதும் இத்தாலிக்குத்தான்.

அச்சுதான் இதில் பெரிய காரணம் என்பது என் எண்ணம். இசையமைத்தவரே பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்கும்வரை தாளில் குறிப்பு எதுவும் தேவைப்படவில்லை. தாள் ஊர்விட்டு ஊர் போய், முகம் தெரியாத ஒருவர் கையில் விழும்போது ‘இங்கே தணிந்து, இங்கே உரக்க’ என்று எழுதித்தான் ஆகவேண்டும். 1597-இல் வெனிஸ் நகரத்து ஜியோவன்னி காப்ரியேலி, ஒரு படைப்பின் பெயரிலேயே ‘பியான் எ ஃபோர்ட்டே’ என்று வைத்தார். தணிவையும் உரப்பையும் தாளில் குறித்த தொடக்ககால இசைகளில் அது ஒன்று.

பியானோ என்ற கருவி எப்படி அந்தப் பெயரைப் பெற்றது? அதற்கு முன்பிருந்த ஹார்ப்ஸிகார்டில் விசையை அழுத்தினால், உள்ளே இறகுத் தண்டில் செய்த ஒரு சிறு முனை தந்தியைச் சுண்டிவிடும். விரல் எவ்வளவு ஓங்கி விழுந்தாலும் சுண்டல் ஒன்றுதான். சத்தம் ஏறக்குறைய மாறாது. ஃப்ளோரன்ஸில் மெதிச்சி குடும்பத்தின் கருவிகளைப் பராமரித்த பார்த்தோலோமேயோ கிறிஸ்தோஃபோரி, இறகை எடுத்துவிட்டு ஒரு சிறு சுத்தியலை வைத்தார். விசை அந்தச் சுத்தியலைத் தந்தியை நோக்கி எறியும். அடித்த மறுகணம் அது விலகி விழுந்துவிடும். ஒட்டிக்கொண்டே இருந்தால் தந்தி அதிர முடியாது அல்லவா? மெல்ல எறிந்தால் மெல்லிய ஒலி, ஓங்கி எறிந்தால் பெரிய ஒலி. 1700-இல் அந்தக் குடும்பம் எழுதிய கருவிப் பட்டியலிலேயே ‘தணிவும் உரப்பும் தருவது’ என்று இதைக் குறித்திருக்கிறார்கள். நாளடைவில் அந்த நீண்ட பெயர் ‘பியானோஃபோர்ட்டே’ ஆகி, பிறகு வாலும் உதிர்ந்து ‘பியானோ’ ஆயிற்று. அவர் 1720-இல் செய்த கருவி ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது.

வேகச் சொற்களுக்கு வருவோம். இங்கேதான் மனப்பாடம் காலை வாரிவிடும். ‘அந்தாந்தே’ என்பதற்குப் பட்டியலில் ‘மிதமான வேகம்’ என்று இருக்கும். சொல்லின் வேர் ‘அந்தாரே’, போவது. எங்கும் நிற்காமல், அவசரமும் இல்லாமல் நடந்துபோகிற கதி. அக்கா மகளைக் கூடத்தில் ஒருமுறை அந்தக் கதியில் நடக்கவிட்டு, காலடிக்குக் கைதட்டச் சொன்னேன். அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை. (நம் கர்நாடக இசையிலும் ‘நடை’ உண்டு: திஸ்ர நடை, சதுஸ்ர நடை. அது ஒரு தாள எண்ணிக்கைக்குள் எத்தனை அட்சரம் என்ற கணக்கு, வேகம் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.) ‘லார்கோ’ அகலம், வீதி அகலமாக இருக்கும் நிதானம். ‘அடாஜியோ’ ஆற அமர. ‘அலெக்ரோ’ என்றால் உற்சாகம், மகிழ்ச்சி. அது வேகத்தின் பெயராக மாறிவிட்டதில் பீத்தோவனுக்கே மனத்தாங்கல் உண்டு. சோகமான இசைக்கும் தலையில் ‘மகிழ்ச்சி’ என்று எழுத வேண்டியிருக்கிறதே என்பது 1817-இல் அவர் எழுதிய கடிதம் ஒன்றின் சாரம்.

அவர் அதற்கு முன்பே 1813-இல் எடின்பரோவைச் சேர்ந்த பதிப்பாளர் ஜார்ஜ் தாம்ஸனிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தார். ‘அந்தாந்தினோ’ என்று குறித்துப் பாட்டு அனுப்புகிறீர்களே, அது அந்தாந்தேயைவிட வேகமா, நிதானமா? பீத்தோவனுக்கு வந்த சந்தேகம் 11 வயதுப் பிள்ளைக்கு வராதா? ‘-இனோ’ என்பது சிறியதைக் குறிக்கும் விகுதி. நடையைக் குறை என்றால் இன்னும் நிதானம் ஆகும். அந்தாந்தே நிதானமானது, அந்த நிதானத்தைக் குறை என்றால் சற்று வேகம் ஆகும். இரண்டு வாதமும் நிற்கும். இன்று பெரும்பாலும் ‘சற்று வேகமாக’ என்றே கொள்கிறார்கள். 1815-இல் மேல்ட்ஸெல் காப்புரிமை பெற்ற மெட்ரோனோம் கருவியை பீத்தோவன் ஆவலோடு வரவேற்றார். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என்று எண்ணால் சொல்லிவிடலாம். ஆனால் ‘ஹாமர்கிளேவியர்’ சொனாட்டாவின் முதல் பகுதிக்கு அவர் கொடுத்த 138 என்ற எண் இன்றுவரை பியானோக்காரர்களைத் திணறடிக்கிறது. எண் வந்த பிறகும் சொற்கள் ஓய்வுபெறவில்லை என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஒரே சொல் கருவிக்குக் கருவி மாறுவதும் உண்டு. ‘சோர்தினோ’ என்பது ‘சோர்தோ’, அதாவது செவிடு என்ற சொல்லிலிருந்து பிறந்தது. வயலினில் அது, தந்திகளைத் தாங்கும் குதிரையின் மேல் செருகும் சிறு கவ்வி, ஒலியை மந்தமாக்கும். ‘கோன் சோர்தினோ’ என்றால் அதைச் செருகிக்கொள், ‘சென்ஸா சோர்தினோ’ என்றால் எடுத்துவிடு. 1802-இல் வெளிவந்த ‘மூன்லைட்’ சொனாட்டாவின் முதல் பகுதி முழுவதையும் ‘சென்ஸா சோர்தினோ’ வாசிக்கச் சொல்கிறார் பீத்தோவன். பியானோவில் ஏது கவ்வி? ஒவ்வொரு தந்தியின் மேலும் துணியோ தோலோ சுற்றிய அடக்கி ஒன்று உட்கார்ந்திருக்கும். விசையை விட்டதும் விழுந்து ஒலியை நிறுத்தும். அந்த அடக்கிகளைத்தான் அவர் சொல்கிறார். எல்லாவற்றையும் தூக்கியே வைத்திரு, ஒலி ஒன்றோடொன்று கரையட்டும் என்பது பொருள். அக்காலப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும்; அதனால் அழகாக இருந்திருக்கும். இன்றைய பெரிய பியானோவில் வலது பெடலை முழுக்க மிதித்தபடி வாசித்தால் சேறாகக் குழம்பும். இரண்டே சொல்லுக்குப் பொருள் கண்டுபிடிக்கக் கருவியின் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

இலக்கணம் மிகச் சிறிது. ‘-இஸ்ஸிமோ’ சேர்ந்தால் மிக மிக. ‘-எட்டோ’ சேர்ந்தால் கொஞ்சம் குறைவு. பியானிஸ்ஸிமோ, அலெக்ரெட்டோ. ‘போக்கோ’ கொஞ்சம், ‘மோல்த்தோ’ ரொம்ப, ‘பியூ’ இன்னும் கூட, ‘மேனோ’ குறைத்து, ‘கோன்’ உடன், ‘சென்ஸா’ இல்லாமல். ‘அலெக்ரோ மா நோன் ட்ரோப்போ’ என்ற நீளமான வரியை உடைத்தால், ‘உற்சாகமாக, ஆனா ரொம்பவும் வேண்டாம்’. இப்படி ஒரு 20 வேர்களும் பத்துப் பன்னிரண்டு ஒட்டுகளும் தெரிந்தால் தியரி தேர்வின் முதல் சில கிரேடுகளின் பட்டியல் ஏறக்குறைய அடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தவை கையின் வேலையைச் சொல்கிறவை. ‘லெகாட்டோ’ கட்டியது: பூத்தொடுப்பதுபோல் ஒரு சுரத்தை அடுத்ததோடு முடிவது. ‘ஸ்டக்காட்டோ’ பிரித்தது. ‘பிட்ஸிக்காட்டோ’ கிள்ளியது: வில்லை ஒதுக்கிவிட்டு விரலால் தந்தியைக் கிள்ளுவது. ‘ரூபாட்டோ’ திருடியது. ஓரிடத்தில் நேரத்தைத் திருடி, இன்னோரிடத்தில் திருப்பிக் கொடுப்பது. இடக்கை தாளம் தப்பாமல் நிற்க, வலக்கை அதன்மேல் இழைந்தும் முந்தியும் போகட்டும் என்று ஷோப்பான் கற்பித்ததாக அவருடைய மாணவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

சுருக்கெழுத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘ரிட்.’ என்று இருந்தால் பெரும்பாலும் ‘ரிட்டார்டாண்டோ’, போகப்போக வேகத்தைக் குறைப்பது. ஆனால் ‘ரிட்டெனூட்டோ’வையும் சிலர் அப்படியே சுருக்குவார்கள், அது சட்டென்று வேகத்தைக் குறைப்பது. ஒன்று பிரேக்கை மெல்ல அழுத்துவது, மற்றது கடிவாளத்தை இழுப்பது.

மேல் கிரேடுகளில் பிரெஞ்சும் ஜெர்மனும் வரும். தாய்மொழியில் சொன்னால்தான் மனதில் இருப்பது தாளில் இறங்கும் என்று 19-ஆம் நூற்றாண்டில் பலர் நினைத்தார்கள். ஷூமன் ஜி மைனர் சொனாட்டாவின் தொடக்கத்தில் ‘முடிந்தவரை வேகமாக’ என்று ஜெர்மனில் எழுதினார். பின்னால் ‘இன்னும் வேகமாக’ என்றார். அதற்கும் பின்னால் ‘இன்னும் இன்னும் வேகமாக’. மாலர் ஒவ்வொரு பக்கத்திலும் இசைக்குழு நடத்துநரோடு நேரில் பேசுவதுபோல் ஜெர்மனில் குறிப்பெழுதினார். தெபுஸ்ஸி பிரெஞ்சில் எழுதினார். அப்படியும் ‘கிரெஷெண்டோ’வை யாராலும் அகற்ற முடியவில்லை. ‘வளர்ந்துகொண்டே’ என்பது அதன் பொருள். ஒலி வளர்ந்துகொண்டே போகும் பாதைக்குத்தான் அந்தப் பெயர், போய்ச்சேரும் உச்சிக்கு அல்ல. இந்தச் சொல் தென்பட்ட கணமே உரக்க அடிக்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். அது தொடங்கும் இடத்தில் ஒலி இன்னும் தணிந்துதான் இருக்கும்.

நமக்கு இது தூரத்து விஷயம் அல்ல. தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை எழுத்தைப் பயின்ற இளையராஜா, வயலின் குழுவுக்குத் தாளில் எழுதிக்கொடுத்து வாசிக்கவைத்த பாடல்களைக் கேட்டே நாம் வளர்ந்திருக்கிறோம். தந்தியைக் கிள்ளும் ஒலி ஒரு பாட்டில் வந்தால், அது ‘பிட்ஸிக்காட்டோ’ என்று இனி உங்களுக்கே தெரியும்.

வீட்டில் கீபோர்டோ வயலினோ கற்கும் பிள்ளை இருந்தால், இன்று அவர்களுடைய தியரி நோட்டை வாங்கிப் பாருங்கள். ‘மெதுவாக’ என்று எழுதியிருக்கும் இடத்தையெல்லாம் அடித்துவிட்டு, சத்தத்தைப் பற்றியது என்றால் ‘தணிந்து’ என்றும், வேகத்தைப் பற்றியது என்றால் ‘நிதானமாக’ என்றும் எழுதச் சொல்லுங்கள்.