எந்தக் குளோரின் மலிவு?

உணவுத் தொழிற்சாலைகளில் துப்புரவு வேலையை மேற்பார்வை செய்பவன் நான். தோசை மாவு, இடியாப்பம், மீன் உருண்டை என்று சிறிய அளவில் தொழில் நடத்தும் நம்மவர்கள் என்னைக் கண்டால் கேட்பது ஒன்றுதான்: “தம்பி, எந்தக் குளோரின் மலிவு?”

தோம்பின் மேல் ஒட்டியிருக்கும் விலையைப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. நாம் வாங்குவது தண்ணீரையும் உப்பையும் அல்ல, உள்ளே இருக்கும் குளோரினை. ஆகவே ஒரு கிராம் குளோரின் என்ன விலை என்று பார்க்க வேண்டும்.

கழுவிய மேசைக்கும் பாத்திரத்துக்கும் 200 பி.பி.எம். கரைசல் போதும். கடைசியில் அலசாமல் விடுவதானால் அமெரிக்க விதி அனுமதிக்கும் உச்சமும் அதுவே. 100 லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் குளோரின் வேண்டும்.

கணக்குக்காகச் சில விலைகளை வைத்துக்கொள்வோம். உங்கள் ரசீதில் உள்ளதைப் போட்டுப் பாருங்கள். 12 விழுக்காட்டுத் திரவம் 25 லிட்டர் 45 ரிங்கிட் என்றால், அதில் 3,000 கிராம் குளோரின் இருக்கிறது. 20 கிராமுக்கு 30 சென். 65 விழுக்காட்டுக் கால்சியம் தூள் கிலோ 13 ரிங்கிட் என்றால் 40 சென். 56 விழுக்காட்டு என்.ஏ.டி.சி.சி. மாத்திரை கிலோ 28 ரிங்கிட் என்றால் 1 ரிங்கிட்.

திரவம்தான் வென்றது என்று தோன்றும். ஆனால் நம் நாட்டு வெயில் இருக்கிறதே! தகரக் கூரையின் கீழே வைத்த தோம்பு வாரத்துக்கு வாரம் வலுவிழக்கும். 12 விழுக்காடு 8 ஆக இறங்கினால் அதே 20 கிராமுக்கு 45 சென், தூளைவிடக் கூடுதல். காசு போனால் போகட்டும். தொழிலாளி வழக்கம்போல் ஒரு குவளைதான் ஊற்றுவார். கரைசல் 133 பி.பி.எம்.தான் இருக்கும். வாடை வருகிறது, அதனால் கிருமி செத்துவிட்டது என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். எனக்குப் பயம் இதில்தான்.

வாரம் ஒரு தோம்பு தீர்ந்துவிடும் இடத்துக்குத் திரவமே நல்லது. மாதக் கணக்கில் கிடக்கும் என்றால் மாத்திரை வாங்குங்கள். ஈரம் படாமல் வைத்தால் நெடுநாள் தாங்கும், எண்ணிப் போடலாம், தண்ணீரின் காரத்தன்மையையும் ஏற்றாது. காரம் ஏறினால் குளோரினின் கொல்லும் வேகம் குறையும். தூள் அடியில் வண்டலாகத் தங்கித் தெளிப்பானை அடைக்கும். எண்ணெய்த் துணி பட்டால் தீப்பிடிக்கவும் கூடும். குளோரின் டையாக்சைடு கருவி பெரிய ஆலைகளுக்கானது.

மாவு ஒட்டிய அண்டாவில் எந்தக் குளோரினை ஊற்றினாலும் வீண். மாவே அதைத் தின்றுவிடும். முதலில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்து அலசுங்கள். “கொஞ்சம் கூடுதலாக ஊற்றினால் என்ன?” என்று கேட்கும் முதலாளிகளும் உண்டு. எவர்சில்வர் அரித்துப் புள்ளி விழும். அந்தப் புள்ளிகளுக்குள் கிருமி குடியேறும்.

வீட்டுக் குளோரோக்ஸை வைத்துச் சமாளிப்பவர்கள் வாசனை சேர்த்ததை வாங்க வேண்டாம். எதை வாங்கினாலும் சோதனைத் தாள் ஒரு பெட்டி கூடவே வாங்குங்கள். தினமும் காலையில் கரைசலில் ஒன்றை நனைத்து, நிறத்தைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். மெஸ்தி சான்றிதழுக்குச் சோதனை செய்ய வருபவர்களிடம் அந்த நோட்டைக் காட்டலாம். கழிவறை கழுவும் அமிலத்தை மட்டும் குளோரின் தோம்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.