சிற்றுருவம் அமைத்தல்

இளமையிற் கைவிட்ட பொழுதுபோக்கை நடுவயதில் மீண்டும் மேற்கொள்வார் பலர். விமானம், கப்பல் முதலியவற்றின் சிற்றுருவங்களைப் பகுதி பகுதியாய்ப் பொருத்தி அமைத்தல் அவற்றுள் ஒன்று. இது பிள்ளை விளையாட்டன்றோ எனின், அன்றென்போம்.

இத்தொழிற்கு உயிராவது அளவு. 1936-ம் ஆண்டில் இங்கிலாந்தில் 'பிராக் பென்குவின்' என்னும் பெயரால் வெளிவந்த பிளாஸ்டிக் விமானங்கள் 72-ல் ஒரு பங்கு அளவின. இவ்வளவில் 6 அடி 1 அங்குலமாகும். 36 அடி 10 அங்குலம் இறக்கை விரிவுடைய ஸ்பிட்பயர் விமானம் 6 அங்குலத்திற்குச் சற்றே மிகும். ஆனால் 1 மில்லிமீட்டர் கனமுள்ள விளிம்போ 72 மில்லிமீட்டர் கனத்தைக் காட்டும்! உண்மைத் தகடு மிக மெல்லியதாதலின், விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மெலிவித்தல் வேண்டும். விரைந்து முடிக்க விழையும் சிறுவன் இதனைக் கருதான்.

இதற்குரிய பசை பாலிஸ்டைரீன் என்னும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கரைத்து, இரு பகுதிகளையும் ஒன்றாக்கிவிடும். பின்னர்ப் பிரித்தல் அரிது. ஆகவே விமானியின் ஆசனம் முதலிய உட்பகுதிகளுக்கு, உடலின் இரு பாதிகளையும் சேர்க்குமுன்னரே வர்ணந் தீட்டி உலரவிடல் வேண்டும். மூடியபின் தூரிகை நுழையாது. பசையின் ஆவி தீங்கு பயக்குமாதலின், சாளரத்தைத் திறந்து வைத்தே வேலை செய்தல் நன்று.

நடுவயதிற் பார்வை குறையலாம். அதற்கு உருப்பெருக்கிக் கண்ணாடி உதவும். பொறுமைக்கு ஈடாய் உதவும் கருவி யாதுமில்லை. காத்திருக்கக் கற்றவர்க்கே இக்கலை கைகூடுமாதலின், வயது முதிர்ந்தபின் இதனிடம் மீள்வோரை நாம் நகையாது போற்றுவோமாக.